குடத்தைக் கலமாக மாற்றிய வாரம்

வீடியோ கேமுக்கு வசனம் மொழிபெயர்க்கும் வேலையில் யாரும் நமக்குக் கதையைச் சொல்வதில்லை. ஒரு கோப்பு வரும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் வெற்றுக் கட்டங்கள். வரிகள் வரிசையில் இருக்காது. ஒருவன் சாகும்போது பேசுகிற வரிக்கு அடுத்ததாக, அவனே சந்தையில் வெங்காயம் விலை கேட்கிற வரி இருக்கும். கதை வெளியே கசியக் கூடாது என்று அப்படிக் கலைத்துப் போட்டுத்தான் அனுப்புவார்கள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று முதலிலேயே கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள்.

நான் கீழக்கரையில் உம்மாவின் வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் கணவரும் வந்தார், ஆனால் வருஷத்தில் மூன்று மாதம்தான் இருப்பார். மீதி நாட்கள் சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில். மூன்றாவது இன்ஜினீயர். கேம் பைத்தியம் முதலில் அவருக்குத்தான் இருந்தது. டியூட்டி முடிந்து கேபினுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். வாள், மந்திரம், டிராகன் இருக்கிற கேம்தான் வேண்டும். ரோபோவோ விண்வெளியோ வந்தால் மூடிவிடுவார். “நாள் பூரா மிஷினோட கெடக்கேன். வெளாட்டுலயும் மிஷினா?” என்பார். இந்த வேலைக்கு என்னை எழுதிப் போடச் சொன்னதும் அவர்தான்.

அந்த ஐப்பசியில் எனக்கு வந்தது அவருக்குப் பிடித்த மாதிரியான கேம். மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஓர் ஊர், ஊர் நடுவில் ஒரு கோவில். கோவிலில் பூசாரிகள் எதையோ வணங்குகிறார்கள். அது என்ன என்று எந்த வரியிலும் தெளிவாக இல்லை. ஆங்கிலத்தில் ‘வெஸல்’ என்று மட்டும் இருந்தது. ‘வெஸல் நம்மைத் தாங்குகிறது’, ‘வெஸலுக்குள் இருப்பவனுக்குக் குறைவில்லை’ என்று மந்திரம் மாதிரி வரிகள். கோவில், பூசாரி, தீபம் என்றெல்லாம் பக்கத்தில் பார்த்ததால், பாத்திரம் என்ற பொருளில் எடுத்து நான் ‘குடம்’ என்று வைத்தேன். ‘குடம் நம்மைத் தாங்குகிறது.’ கேட்க நன்றாகவே இருந்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் குடம் வந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் கப்பலை ஒருநாளும் கப்பல் என்று சொன்னதில்லை. ‘வெஸல் நாளைக்குக் கெளம்புது’, ‘இந்த வெஸல்ல சாப்பாடு சரியில்ல’ என்றுதான் பேசுவார். அப்படியிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை காலை. மழை வரும்போல இருட்டிக்கொண்டு நின்றது. கோப்பின் புதிய பகுதியைத் திறந்தேன். முதல் வரி, கிழவி ஒருத்தி மூலிகை விற்பது. இரண்டாவது வரி, ஒருவன் தன் குதிரையைத் தேடுவது. மூன்றாவது வரி இப்படி இருந்தது:

‘முதன்மை இயந்திரம் நின்று நாற்பது மணி நேரம் ஆகிறது.’

தவறி வந்திருக்கும் என்று கீழே போனேன். மறுபடி குதிரை, சத்திரம், மந்திரக்கோல். அதற்குக் கீழே:

‘வெஸலில் காற்று குறைந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.’

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம், வெஸல், காற்று. இந்த நிறுவனத்துக்காகத்தான் ஒரு வருஷம் முன்னால், கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கான பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் செய்து கொடுத்திருந்தேன். அவர்களிடம் கப்பல் கம்பெனிகளின் வேலையும் வருகிறது. அப்படியானால் இது வேறு கோப்பு. எங்கோ ஒரு கப்பலில் நடந்துகொண்டிருப்பதைப் பற்றிய அறிக்கை, கை தவறி என் கேமுக்குள் கலந்துவிட்டது. என் மனது அப்படித்தான் போனது. அதற்குக் காரணம் இருந்தது. என் கணவரிடமிருந்து கடைசியாக மெசேஜ் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கப்பலில் நெட் போவது புதிதில்லை. ஒருநாள், சில சமயம் ஒன்றரை நாள். மூன்று நாள் ஆனதில்லை. அதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலேயே வேலையில் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவளை நான் பார்த்ததில்லை, எழுத்தில்தான் பழக்கம். இந்த வரிகள் வேறு கோப்பிலிருந்து வந்தவையா என்று கேட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. ‘இல்லை, இதே கோப்புதான். எதற்கான வரிகள் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இருப்பதை அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள்.’

அனுமதி இல்லை என்றது என்னை இன்னும் பயமுறுத்தியது. அவளுக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை.

சென்னையில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசுக்குப் போட்டேன். என் கணவர் பெயரையும் கப்பல் பெயரையும் சொன்னேன். எடுத்தவர் கொஞ்சம் இருங்கள் என்று ஃபோனைக் கீழே வைத்தார். பின்னால் யாரோ பேசுவது கேட்டது, என்னவென்று புரியவில்லை. திரும்பி வந்து, “நெட் பிராப்ளம் மேடம். சாட்டிலைட் சைடுல ஏதோ. பயப்பட ஒண்ணுமில்ல” என்றார்.

“உங்களுக்கும் அவங்களுக்கும் தொடர்பு இருக்குதுல்ல?”

“இருக்கு மேடம்.”

“கடைசியா எப்ப பேசுனீங்க?”

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது எனக்கு. “ரெகுலரா பேசிட்டுதான் இருக்கோம் மேடம்” என்றார் பிறகு.

கீழே உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க இறங்கினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாப்ள பேசுனாகளா?” என்றார்.

“பேசுனாங்க உம்மா. நேத்து.”

“நல்லா இருக்காகளா?”

“ம்.”

பொய் சொல்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தன. ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் பயந்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது? தண்ணீரைக் குடித்துவிட்டு மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோப்பு முழுவதையும் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன். இயந்திரம், காற்று, வெஸல் என்ற சொற்களைத் தேடித் தேடிக் குறித்தேன். ‘ஏழாம் அறையில் உயிர் அறிகுறி இல்லை.’ ‘அவர்களை எழுப்பினால் எல்லோருக்கும் காற்று போதாது.’ ‘எத்தனை பேருக்குத் தெரியும்?’ ஒவ்வொன்றையும் படிக்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே இன்ஜின் ரூம்தான் கண்ணில் வந்தது. அவர் எப்போதோ வீடியோ காலில் காட்டியது. பச்சைப் பெயிண்ட் அடித்த தரை, தலைக்கு மேல் குழாய்கள், காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அவர் முகம். அந்த இரைச்சல் நின்றுபோனால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். யோசிக்க முடிந்தது. அதுதான் கொடுமை.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எழுந்து தொழுதேன். ஓதியது எதுவும் மனதில் நிற்கவில்லை. நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவிலேயே ரொம்ப நேரம் கிடந்தேன்.

வியாழக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று உம்மா செய்தியில் கேட்டுவிட்டுச் சொன்னார். அந்தப் புயலுக்கும் என் கணவர் இருந்த கடலுக்கும் சம்பந்தமில்லை, அவர் ஆப்பிரிக்காப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஜன்னலுக்கு வெளியே காற்று சுற்றும்போதெல்லாம் எழுந்துபோய் வெளியே பார்த்தேன்.

அன்று மத்தியானம்தான் அந்த வரி கண்ணில் பட்டது. பூசாரி ஒரு பெண்ணிடம் சொல்கிறார்:

‘மலை என்று நாங்கள் உங்களுக்குச் சொன்னது சுவர், மகளே. உன் பாட்டனின் பாட்டன் பிறந்ததும் இந்த வெஸலுக்குள்தான்.’

ஒரே வரியில் பூசாரியும் இருந்தார், மலையும் இருந்தது, வெஸலும் இருந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆக, இது கேம்தான். குறித்து வைத்த வரிகளெல்லாம் இப்போது ஒன்றோடொன்று பொருந்தின. அந்தப் பள்ளத்தாக்கே ஒரு கப்பல். வானத்தில் போகிற கப்பல். உள்ளே இருக்கும் ஜனங்களுக்கு அது தெரியாது. டிராகன் என்று அவர்கள் பயந்தது பழுது பார்க்கும் இயந்திரம். மந்திரம் என்று ஓதியது அந்த இயந்திரங்களை ஓட்டும் விதிமுறை. வாள் சண்டை என்று நம்பி வருகிறவனை முக்கால்வாசி வழி கூட்டிப்போய், அங்கே வைத்து இதைச் சொல்லப்போகிறார்கள்.

கேம் விளையாடுகிறவர்கள் இப்படிப்பட்ட திருப்பத்தை ஒப்புக்கொள்வார்களா, ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவார்களா என்று பின்னால் பலர் விவாதம் செய்வதைப் படித்தேன். என்னைக் கேட்டால் நான் நல்ல சாட்சி இல்லை. அந்தத் திருப்பம் என்னிடம் வேலை செய்த அளவுக்கு யாரிடமும் செய்திருக்காது. ஆனால் எழுதியவன் நினைத்த விதத்தில் அது வேலை செய்யவில்லை.

கேம் என்று தெரிந்ததும் வந்த நிம்மதி கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. கோப்பில் இருந்தது கற்பனை என்றாலும் ஃபோன் அப்படியேதான் கிடந்தது. பயத்துக்குச் சாக்காக இருந்த வரிகள் போய்விட்டன, பயம் மட்டும் மீந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவில் ஆண்கள் திரும்பிவரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். எடுத்தேன்.

“ஹலோ. நான்தான்.”

“மச்சான்.”

“நெட் போச்சு. வேற ஒண்ணுமில்ல. இப்ப கேப்டனோட ஃபோன்ல பேசுறேன். ரெண்டு நிமிஷந்தான்.”

“அஞ்சு நாளா?”

“ஆமா. மொத்தமாப் போயிருச்சு. உம்மா நல்லா இருக்காகளா?”

குரல் கரகரப்பாக இருந்தது. சளி என்றார். ஃபோனை வைத்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலமே வேலையில் உட்கார்ந்தேன். குடத்தை எல்லா இடத்திலும் எடுக்க வேண்டியிருந்தது. கப்பல் என்று வைத்தால் முதல் மந்திரத்திலேயே குட்டு உடைந்துவிடும். அப்போதுதான் ‘கலம்’ என்ற சொல் வந்தது. சாப்பாட்டுக் கலமும் கலம்தான், மரக்கலமும் கலம்தான். ‘கலம் நம்மைத் தாங்குகிறது.’ முன்னால் படிக்கிறவன் கோவில் பாத்திரம் என்று நினைப்பான், பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாம் சொல்லித்தான் இருக்கிறார்கள் என்று தெரியும். மாற்றத்தை எழுதி அனுப்பியதும் வேலை கொடுத்த பெண் சிரித்த முகம் ஒன்றை அனுப்பினாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பங்குனியில் அவர் விடுப்பில் வந்தார். மெலிந்திருந்தார். வந்த ஒரு வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். கரண்ட் போய் ஃபேன் நின்றால், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை விட்டுவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை அப்படியே நிற்கும். ஒருநாள் பட்டப்பகலில் படுத்திருந்தவர், ஃபேன் நின்றதும் எழுந்து மாடிப்படி வரைக்கும் போய்விட்டார். “என்ன மச்சான்?” என்றேன். “காத்து வாங்க” என்றார்.

அதே மாதம் கேமும் வெளியாகியிருந்தது. அவர் லேப்டாப்பில் அதை நிறுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் பள்ளத்தாக்கு, கோவில். கீழே என் தமிழ்.

“இது ஒன் வேலையா?”

“சொல்லக் கூடாது.”

“அப்ப ஒன் வேலைதான். கதைய மட்டும் சொல்லிராத” என்று சிரித்தார்.

தினமும் காலைச் சாயா முடிந்ததும் இரண்டு மணி நேரம் உட்காருவார். அந்த ஊரில் ஒரு வீடு கட்டினார். ஏரியில் மீன் பிடித்தார். சண்டைக்குப் போக வேண்டிய நேரத்தில்கூடத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் முகம் தெளிவாக இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. கதையைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன், அவரும் சொல்லாதே என்றிருந்தார்.

அது நடந்த அன்று பகல் பதினொரு மணி இருக்கும். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய வீரன் மலையடிவாரத்துக்குப் போய்விட்டான். தீப்பந்தத்தால் பாறையைத் தட்டினான். இரும்பில் தட்டிய ஓசை வந்தது. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூசாரி வந்து, வீரனோடு வந்த பெண்ணிடம் பேசினார். என் கணவர் அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

“மலை என்று நாங்கள் உங்களுக்குச் சொன்னது சுவர், மகளே.”

திரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கேமுக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஓர் இரைச்சல், அதுவரை நாங்கள் இருவருமே கவனிக்காத இரைச்சல், நின்றது. அவர் லேப்டாப்பை மூடினார். எழுந்து படி இறங்கினார். செருப்புப் போடவில்லை. நான் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தெரு முனையில், கடல் தெரிகிற இடத்தில், வெயிலில் நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

“மச்சான்.”

“ஏமாத்து வேல” என்றார். “டிராகன் கதன்னு சொல்லி உக்கார வச்சுட்டு, வெஸல்லதான் இருக்கேன்னு சொல்றது என்ன நியாயம்?”

“கதைதானே.”

“எனக்குத் தெரியாதா கதைன்னு?” பிறகு வேறு குரலில் சொன்னார்: “ஐப்பசில நெட் மட்டும் போகல.”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

“ஜெனரேட்டர் போச்சு. எமர்ஜென்சிக்கு இருந்ததும் பத்து மணி நேரத்துல போச்சு. மெயின் இன்ஜின் இல்ல, லைட் இல்ல, ஃபேன் இல்ல. ரெண்டரை நாளு சும்மா மெதந்தோம். அலை பக்கவாட்டுல அடிச்சு அடிச்சுச் சாய்க்குது. கீழ டார்ச் வச்சு வேல பாத்தோம். எந்நேரமும் கேட்டுக்கிட்டே இருந்த சத்தம் நின்னுருச்சு பாரு, அதத் தாங்க முடியல. ரெடி பண்ணதுக்கப்புறம் ஆபீஸ்ல வீட்டுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்னுட்டாங்க. நானும் சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன்.”

நடந்து ஐந்து மாதம் ஆன விஷயம். அவர் என் முன்னால் முழுசாக நிற்கிறார். ஆனாலும் பயம் அப்போதுதான் வந்தது. அந்தப் புதன்கிழமை நான் எதைக் கற்பனை செய்துகொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தேனோ, அதே நேரத்தில் ஏறக்குறைய அதற்குள்தான் அவர் இருந்திருக்கிறார். பயந்தது வீணில்லை என்பது ஓர் ஆறுதலா? எனக்கு அப்படித் தெரியவில்லை. இனி எப்போது பயம் வந்தாலும் அதை வெறும் பயம் என்று தள்ள முடியாது என்றுதான் தோன்றியது.

“நெட் போச்சுன்னுதானே சொன்னீங்க.”

“நெட்டும் போச்சுல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. நடுத்தெருவில் நின்று சண்டை போட முடியாது, அதனால் வீட்டுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். கீழே உம்மா ஓதிக்கொண்டிருந்தார். மாடிக்கு வந்த பிறகு சொன்னேன், கேமில் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்லித்தான் இருக்கிறார்கள் என்று. அந்த ஊரில் தினமும் ஒரே நேரத்தில்தான் மழை பெய்யும். எந்தப் பறவையும் மலையைத் தாண்டிப் போகாது. நட்சத்திரம் பற்றி யாருமே பேசமாட்டார்கள். கலம் என்ற சொல்லை முதல் காட்சியிலேயே நான் வைத்திருக்கிறேன்.

“மறச்சாலும் வெளிச்சம் விட்டுத்தான் மறச்சிருக்காங்க. நீங்க அதக்கூட விடல.”

“கேம்ல அதெல்லாம் நான் பாக்காம இல்ல” என்றார். “மழை ஒரே நேரத்துல பெய்யுறப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. பாக்க வேணாம்னு இருந்துட்டேன்.”

பத்து நாள் லேப்டாப்பைத் தொடவில்லை. பிறகு ஒரு காலையில், மீதிக் கதையைச் சொல்லு என்றார். கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னேன். யார் சாகிறார்கள், யார் விழிக்கிறார்கள், கலம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று வரிசையாகச் சொன்னேன். கலைந்து கிடந்த வரிகளை நான் முழுசாகக் கோத்துச் சொன்னது அன்றுதான். அவர் நடுவில் கேள்வி கேட்டுக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு விளையாடினார், நான் பக்கத்தில் இருந்தேன். விளக்குகள் அணையும் இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தும் பிடி இறுகத்தான் செய்தது. முடித்த பிறகு நல்ல கேம்தான் என்றார். இன்னொரு தடவை விளையாட மாட்டேன் என்றும் சொன்னார்.

ஆனியில் வேறு கப்பலில் ஏறினார். ஏறுமுன் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எது நடந்தாலும், பேச முடிந்த முதல் நிமிஷத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவர் அதைக் காப்பாற்றுகிறார். ‘பம்ப் ஒன்று மக்கர்.’ ‘இன்று அலை அதிகம், ஒருவனுக்குக் கையில் அடி.’ எல்லாம் வருகிறது. பயம் இதனால் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். முன்பு வாரத்துக்கு ஒருமுறை வந்தது, இப்போது நாளுக்கு இரண்டு முறை, விவரங்களோடு வருகிறது.

போன வியாழக்கிழமை பகலில் உம்மாவின் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். மெசேஜ் வந்தது. ‘இன்ஜின் ரூமில் புகை வந்தது. அணைத்துவிட்டோம். யாருக்கும் ஒன்றுமில்லை. சொல்லணும்னு சொன்னியே, அதான்.’ மாத்திரை கையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. உம்மா என்னவென்று கேட்டார். இந்தத் தடவை மறைக்கவில்லை, படித்துக் காட்டினேன்.

உம்மா மாத்திரை டப்பாவை மூடி வைத்தார். பிறகு, “இப்ப நல்லா இருக்காகளா?” என்றார்.

“இருக்காங்களாம்.”

“இன்னொரு தடவ கேளு.”

கேட்டேன். பதில் வருவதற்குப் பதினான்கு நிமிஷம் ஆனது. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.